துருவ ஒளியும் மருதமுத்துவின் பெயரும்

1

என் தம்பி மருதமுத்து இறந்து இன்றோடு நூறு நாள் ஆகிறது. அவன் இறந்தான் என்று சொல்லும் காகிதம் ஒன்றும் இல்லை. பிறந்தான் என்று சொல்லும் காகிதமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நாற்பத்தெட்டு வருடம் அவன் இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தான். அதை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும்.

தேதி: 2026 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை. இடம்: நோர்வேயின் வட கரையில் த்ரொம்சோ என்ற நகரம். காலை பதினொரு மணி, வெளியே உறைநிலைக்கு ஆறு பாகை கீழே, மெல்லிய மேகம்.

இப்படி எழுதுவது என் பழக்கம். குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பயணிகளைச் சிறிய பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு துருவ ஒளி பார்க்கக் கூட்டிப்போவது என் தொழில். 2004 முதல் ஒளியைப் பார்த்த ஒவ்வொரு மாலையையும் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன். தேதி, மணி, மேகம், திசை, நிறம், வடிவம். கடைசிக் கட்டம் ‘பிற’. இதுவரை பதினேழு குறிப்பேடுகள். ஒரு மணி நேரம் தவறாக எழுதியிருந்தாலும் மறுநாள் சிவப்பு மையால் திருத்திவிடுவேன். தவறு தெரிந்த பிறகு அதை அப்படியே விட என்னால் முடியாது. அந்தக் குணம் என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

2

துருவ ஒளியைப் பற்றி ஊரில் யாருக்கும் பெரிதாக அக்கறை இல்லை, மருதமுத்துவைத் தவிர. ஞாயிறு தவறாமல் இங்கே பகல் ஒரு மணிக்கு, அங்கே குளிர்காலக் கணக்கில் மாலை ஐந்தரைக்கு, அழைப்பான். முதல் கேள்வி எப்போதும், “இந்த வாரம் என்ன கலருண்ணே?”

அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட துகள்கள் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கின்றன. சில நாள் காற்றுப் போல, சில நாள் புயல் போல. புயல் கிளம்பினால் பூமியை வந்தடைய ஒரு நாளும் ஆகலாம், மூன்று நான்கு நாளும் ஆகலாம். பூமியின் காந்தப்புலம் அவற்றை நேராக உள்ளே விடாது. சுற்றி வளைத்து, துருவத்தைச் சூழ்ந்த ஒரு வளையத்தில்தான் இறக்கும். த்ரொம்சோ அந்த வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது. இறங்கும் துகள்கள் மேல்வானத்தில் உள்ள ஒட்சிசனிலும் நைதரசனிலும் மோதுகின்றன. மோதப்பட்ட அணு அந்தச் சக்தியை ஒளியாக விடுகிறது. நூறு, நூற்றைம்பது கிலோமீற்றர் உயரத்தில் ஒட்சிசன் பச்சையாக ஒளிரும். இருநூறுக்கு மேலே சிவப்பு. கீழ் விளிம்பில் நைதரசன் இளஞ்சிவப்பாக ஓடும்.

“நம்ம பக்கம் ஏன் வரமாட்டேங்குது?” என்று ஒருநாள் கேட்டான். 2019 பெப்ரவரி 17, அதுவும் ஞாயிறு. வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று தோன்றியது. ஒரு தையல் ஊசியை நடுவில் நூல் கட்டி, இரண்டு பக்கமும் எடை சமமாக நிற்கும்படி தொங்கவிடச் சொன்னேன். பிறகு பழைய வானொலிப் பெட்டியின் காந்தத்தில் அதே ஊசியைத் தேய்க்கச் சொன்னேன். இங்கே நானும் அதையே செய்தேன். கைபேசியில் ஒருவர் ஊசியை ஒருவர் பார்த்தோம். அவன் ஊசி வடக்குத் தெற்காகத் திரும்பித் தரைக்குச் சமமாகப் படுத்துக்கொண்டது. என் ஊசியின் வடமுனை கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தரையை நோக்கி இறங்கியது. எங்கள் மலைகள் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே காந்தக் கோடுகள் கிடையாகப் போகும், துகள்கள் இறங்க வழி கிடையாது. இங்கே அவை நட்டுக்கொண்டு நிற்கும்.

அவன் பிள்ளைகள் இரண்டும் கைபேசிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தன. மருதமுத்து என் ஊசியையே வெகுநேரம் பார்த்துவிட்டு, “அங்க ஊசியே குப்புற விழுது. மனுசன் எப்பிடிண்ணே நிக்கிறீங்க?” என்றான்.

3

இனி அவன் பெயரைப் பற்றி.

நான் 1975இல் பிறந்தேன். தோட்டத்து மருந்துக்காரர் எழுதித் தந்த துண்டை அப்பா பதிவாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது, பதினாறு வயதில் அடையாள அட்டையும் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்துத் தம்பி பிறந்தபோது குடும்பம் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. துண்டு மழையில் ஊறிப்போயிற்று. அப்பா பதிவுக்குப் போகவே இல்லை. பிறகு போகலாம் என்று நினைத்தார், பிறகு அதை மறந்தார். தோட்டத்தில் அப்படிப் பதியப்படாத பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் வயது வரும்வரை.

நான் லோகநாதன் என்ற பெயரில் தோட்டத்துச் செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் ஏறி ஐந்து வருடம் வேலை செய்தேன். 1999 மார்ச்சில் நாட்டைவிட்டு வெளியேறினேன். கடவுச்சீட்டு கையில் இருந்ததால் அடையாள அட்டையை வீட்டிலேயே விட்டுவந்தேன். மூன்று மாதம் கழித்து மருதமுத்துவிடமிருந்து கடிதம் வந்தது. வேலைக்குப் போனால் அடையாள அட்டை கேட்கிறார்கள், உங்கள் பெயர் இன்னும் செக்ரோலில் வெட்டப்படாமல் இருக்கிறது, கங்காணியும் கணக்கெழுதும் கிளாக்கரையாவும் கண்டுகொள்ளமாட்டோம் என்கிறார்கள், நான் அந்தப் பெயரில் பெரட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தான்.

என் பதில் கடிதத்தின் தேதி ஜூன் 21. “வைத்துக்கொள். எனக்கு இங்கே வேறு நம்பர் கொடுத்திருக்கிறார்கள்” என்று எழுதினேன்.

தோட்டத்தில் இது புதுமை அல்ல. இறந்த மாமன் பெயரில் வேலை செய்தவர்களை எனக்குத் தெரியும். அக்காள் பெயரில் கொழுந்து பறித்து, அக்காள் பெயரிலேயே ஓய்வு பெற்ற பெண்ணையும் தெரியும். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால் ஓர் ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இருபத்தாறு வருடம் லோகநாதன் என்று கூப்பிட்டபோதெல்லாம் என் தம்பி நின்றான். அட்டை கிழிந்தபோது தன் படத்தை வைத்துப் புது அட்டை எடுத்தான். அந்தப் பெயரில்தான் வாக்களித்தான், சாந்தியைப் பதிவுத் திருமணம் செய்தான். அவன் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் லோகநாதன். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், மட்டும் அவன் மருதமுத்து. “ஒரே ஆளு, ரெண்டு தேசத்துல வேல பாக்குறான்” என்று கங்காணி சொல்லிச் சிரிப்பாராம். நானும் சிரித்திருக்கிறேன்.

4

கடைசியாகப் பேசியது 2025 நவம்பர் 23. அந்த மாதத்தின் நடுவில் சூரியன் பெரிதாக வீசியிருந்தது. சிவப்பு ஒளி வெகு தெற்கே உள்ள நாடுகளிலும் தெரிந்தது. படங்களை அனுப்பியிருந்தேன். பச்சை மட்டும் ஏன் சட்டென்று துடிக்கிறது, சிவப்பு ஏன் அசையாமல் படர்ந்து நிற்கிறது என்று கேட்டான். நல்ல கேள்வி. பச்சை ஒளியைத் தரும் ஒட்சிசன் அணு அடி வாங்கி ஒரு நொடிக்குள் ஒளியை விட்டுவிடும். சிவப்பைத் தருவது கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் அடியைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் இன்னோர் அணு இடித்தால் ஒளி வராது, சக்தி வீணாகப் போகும். காற்று மிக மெலிந்த உயரத்தில்தான் அது இடிபடாமல் காத்திருக்க முடியும்.

“ரெண்டு நிமிசம் தனியா நின்னாத்தான் செவப்பு வரும்ங்கிறீங்க” என்றான். பிறகு மழை விடவில்லை, ஐந்தாம் லயத்துக்குப் பின்னால் வடிகான் நிரம்பி ஓடுகிறது, தோட்டத்துத் துரைக்குச் சொல்லியிருக்கிறோம் என்றான். நான் அந்தப் பேச்சை நீட்டவில்லை. மழை எப்போதும் பெய்வதுதானே.

27ஆம் தேதி இங்கே துருவ இரவு தொடங்கியது. அதன்பின் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாது. அதே நாள்களில் அங்கே அந்தப் பெரும் மழை கொட்டியது. 28ஆம் தேதி முதல் யாருடைய கைபேசியும் எடுபடவில்லை. ஹட்டனில் உள்ள ஒரு கடைக்காரரின் எண் மட்டும் ஒருமுறை எடுபட்டது. மஸ்கெலியாப் பாதை மண்சரிவில் போய்விட்டது, மேல் தோட்டங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றார். அழைத்த நேரங்களை எல்லாம் எழுதிவைத்தேன்.

டிசம்பர் 1, திங்கள். மாலை ஐந்து மணிக்குப் பதினான்கு பயணிகளோடு புறப்பட்டேன். விடுப்புக் கேட்டிருக்கலாம். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தேன். கடலோரத்தில் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் பஸ்ஸை நிறுத்தி, தீ மூட்டி, எல்லோருக்கும் சூடான பானம் கொடுத்தேன். 5.40க்கு வடகிழக்கில் ஒரு வில் எழுந்தது. 5.48க்கு அது திரை திரையாகப் பிரிந்தது. 5.52க்கு நேர் தலைக்கு மேலே ஒளிக் கதிர்கள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து விரிவது போன்ற அபூர்வமான காட்சி. வருடத்தில் சில தடவைதான் அப்படி வரும். பயணிகள் சத்தம் போட்டார்கள், சிலர் அழுதார்கள்.

அதே நேரம் கைபேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. எங்கள் தோட்டத்துப் பாடசாலைச் சுவரில் ஒட்டிய பட்டியல். தலைப்பு, காணாமற்போனோர். ஏழாவது வரி: லோகநாதன், ஆண், 50, ஐந்தாம் லயம்.

என் பெயர், என் வயது, அடுத்த கட்டத்தில் என் அடையாள அட்டை இலக்கம். ஒரு கணம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

ஒரு ஸ்பானியப் பெண்மணி என்னிடம் கமெராவை நீட்டித் தன் கணவரோடு ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். அன்றைய வரியில் தேதி, மணி, நிறம், வடிவம் எல்லாம் இருக்கின்றன. ‘பிற’ கட்டம் வெறுமையாக இருக்கிறது.

5

நான் செய்த காரியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், மன்னிப்புக்காக அல்ல.

ஒருவேளை அவனை யாராவது மண்ணிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால்? அரை நினைவில் கிடக்கும் மனிதனிடம் பெயர் கேட்டால் அவன் எதைச் சொல்வான்? அடையாள அட்டையில் உள்ளதையா? அம்மா கூப்பிட்டதைத்தான் சொல்வான். மருதமுத்து என்பான். அந்தப் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாததால் யாரும் அவனைத் தேடி வரமாட்டார்கள். இந்த எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. பட்டியலைச் சரிசெய்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினேன்.

டிசம்பர் 2ஆம் தேதி, பேரிடர் தகவல் சேகரிக்கும் ஓர் அலுவலகத்தின் மின்னஞ்சல் முகவரியைத் தேடி எடுத்தேன். என் மகள் ஆரபிக்குப் பதினேழு வயது. என்னைவிட நல்ல ஆங்கிலம் எழுதுவாள். அவளிடம் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். உங்கள் பட்டியலில் உள்ள லோகநாதன் நான். உயிரோடு நோர்வேயில் இருக்கிறேன். கடவுச்சீட்டுப் பிரதியை இணைத்திருக்கிறேன். காணாமற்போனவர் என் தம்பி மருதமுத்து. என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைச் சேர்க்கவும்.

“சித்தப்பாட நம்பர் என்னப்பா?” என்று ஆரபி கேட்டாள். அவளுக்கு அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழும் பள்ளிக்கூட நோர்வேஜிய மொழியும் கலந்த ஒரு பேச்சு.

“அவனுக்கு நம்பர் இல்லம்மா.”

“நம்பர் இல்லாம எப்பிடி ஒரு ஆள் இருக்கேலும்?”

பதில் சொல்ல நேரமில்லை என்று அனுப்பச் சொன்னேன். டிசம்பர் 4ஆம் தேதி இரண்டு வரியில் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, பதிவு திருத்தப்பட்டது. அந்தத் தாளை அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியில் அன்றைக்குச் சோறு இறங்கியது.

6

6ஆம் தேதி சனிக்கிழமை சாந்தி அழைத்தாள். பாடசாலை முகாமில் இருந்து, யாருடைய கைபேசியிலோ. பிள்ளைகளும் அவளும் பிழைத்திருந்தார்கள். 28ஆம் தேதி பொழுது விடியுமுன் எல்லோரையும் கோவிலுக்கு ஏறச் சொல்லியிருக்கிறார்கள். மருதமுத்து அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினானாம். மாடு வந்தது.

மேட்டிலிருந்து சரிந்த மண்ணில் ஐந்தாம் லயத்து ஆட்கள் நான்கு பேர் அகப்பட்டார்கள். மூன்று பேரை எடுத்துவிட்டார்கள். நான்காவது ஆளுக்காகப் பெக்கோ இயந்திரம் ஒன்று இரண்டு நாளாகத் தோண்டிக்கொண்டிருந்தது. 5ஆம் தேதி காலையில் அலுவலர் ஒருவர் புதுப் பட்டியலோடு வந்திருக்கிறார். ஐந்தாம் லயத்தில் காணாமற்போனோர் யாரும் இல்லை. லோகநாதன் உயிரோடு இருக்கிறார், வெளிநாட்டில். சனங்கள் கத்தியிருக்கிறார்கள். அவர் தாளைக் காட்டியிருக்கிறார். கீழ்ப் பிரிவில் பதினொரு பேர் மண்ணுக்குள் இருக்கும்போது ஆளில்லாத இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவைக்க முடியாது என்றாராம். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பெக்கோ போய்விட்டது. லயத்து ஆட்கள் மண்வெட்டியால் இன்னும் ஒரு நாள் வெட்டினார்கள். மேலே சரிவில் வெடிப்புக் கண்டதும் அவர்களையும் இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

சாந்தி அழவில்லை. குரல் காய்ந்து போயிருந்தது.

“ஒங்கள யாரு மாமா திருத்தச் சொன்னா?”

அவன் பெயரைச் சேர்க்கத்தான் எழுதினேன், எடுக்க மட்டும் எழுதவில்லை என்றேன். என் பெயரை எடுக்க என் கடவுச்சீட்டு இருந்தது. அவன் பெயரைச் சேர்க்க ஒன்றுமே இல்லை. இலக்கம் இல்லாத ஆளை அந்தப் படிவம் ஏற்காது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நான் அனுப்பிய திருத்தத்தில் பாதி நிறைவேறிவிட்டது.

“இருவத்தாறு வருசமா அந்தப் பேரக் கேக்காம இருந்தீங்களே. இன்னும் ரெண்டு நாள் கேக்காம இருந்திருக்கலாம்ல” என்றாள். கைபேசிக்காரர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். “இந்தாங்கண்ணே” என்று அவரிடம் கொடுத்துவிட்டாள்.

அவன் இன்றுவரை அங்கேதான் இருக்கிறான்.

7

அதற்குப் பிறகு நான் ஒளி பார்க்கப் போகவில்லை என்று சொன்னால் பொய். பிழைப்பு அது. டிசம்பரில் இருபத்திரண்டு மாலை போனேன். ஒவ்வொரு தடவையும் பயணிகளுக்கு அதே விளக்கத்தைச் சொன்னேன். இப்போது நீங்கள் பார்ப்பது இரண்டு மூன்று நாளைக்கு முன்பே சூரியனிலிருந்து கிளம்பிவிட்டது, கிளம்பியதை யாராலும் தடுக்க முடியாது, வந்து சேரும்போது மட்டுமே நமக்குத் தெரிகிறது. முன்பு இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை சொல்வேன். இப்போது அது வருவதில்லை.

பகலில் தொலைபேசி. ஜனவரி 14ஆம் தேதி பிரதேச அலுவலகம் ஒன்றில் ஓர் அலுவலர் பொறுமையாக என் பேச்சைக் கேட்டார். நான் சிங்களத்தில் தொடங்கினேன். இருபத்தாறு வருடமாகப் பேசாத மொழி, சொல் அகப்படாத இடத்தில் எல்லாம் நோர்வேஜியச் சொல் வந்து நின்றது. பதற்றத்தில் ஆண்டு, மாதம், இலக்கம் எல்லாவற்றையும் நோர்வேஜியத்திலேயே சொல்லிக்கொண்டு போனேன். அவர் இடைமறித்து, தமிழிலேயே சொல்லுங்கள், இங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை வேலை செய்கிறது என்றார்.

அந்தப் பெண் விளக்கினாள். காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் தர வழி இருக்கிறது. ஆனால் ஆள் இருந்திருக்க வேண்டும். மருதமுத்து என்று ஒருவர் இருந்ததற்குப் பிறப்புப் பதிவு இல்லை, அடையாள அட்டை இல்லை, வாக்காளர் பதிவு இல்லை. லோகநாதனுக்குக் கொடுக்கவும் முடியாது, அவர் இப்போது தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். இதைச் சொன்னபோது அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. “மன்னிச்சுக்கங்க ஐயா” என்றாள்.

அதனால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். புது வீட்டுக்கான பட்டியலில் சாந்தியின் குடும்பம் கடைசிக்குப் போய்விட்டது. கணவர் வெளிநாட்டில் இருக்கும் குடும்பம் என்று எழுதியிருக்கிறார்கள். மூத்தவன் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவன். பாடசாலையில் நிரப்பிய படிவத்தில், தந்தை உயிருடன் உள்ளாரா என்ற கேள்விக்கு ஆசிரியர் அவனிடம் ‘ஆம்’ என்று எழுதச் சொன்னாராம். காகிதத்தோடு ஒத்துப்போக வேண்டும் அல்லவா. எழுதினான்.

பதினாறாம் நாள் காரியம் செய்யவில்லை. உறவுக்காரர்கள் கேட்டதற்குச் சாந்தி சொன்ன பதிலை அவளே எனக்கும் சொன்னாள்.

“காயிதப்படி எம் புருசன் நோர்வேல பஸ் ஓட்டுறாரு. நான் எப்பிடித் தாலியக் கழட்டுறது?”

8

பெப்ரவரி 3ஆம் தேதி ஒரு வழி கண்டுபிடித்தேன். அல்லது அப்படி நினைத்தேன்.

தோட்டத்தில் இருந்தவன்தான் உண்மையான லோகநாதன், அவனுடைய பிறப்புச் சான்றிதழைத் திருடிக்கொண்டு நோர்வேக்கு வந்த மருதமுத்து நான், என்று சத்தியக் கடதாசி கொடுத்தால்? ஒரே கையெழுத்தில் அங்கே எல்லாம் நேராகிவிடும். சாந்தியின் திருமணம் செல்லும், பிள்ளைகளின் சான்றிதழ்கள் செல்லும், லோகநாதன் இறந்தது செல்லும். இங்கேதான் எல்லாம் கவிழும். பொய்ப் பெயரில் குடியுரிமை எடுத்தவனிடமிருந்து அதைத் திருப்பி எடுக்க இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. எடுத்திருக்கிறார்கள். அந்தச் சுழலில் பிள்ளைகளும் அகப்பட்டிருக்கிறார்கள்.

கடிதத்தை இரண்டு மொழியில் எழுதி முடித்தேன். தேதியும் போட்டேன். ஆரபியிடம் மொழி சரிபார்க்கக் கொடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். கொஞ்ச காலமாக என்னோடு அவள் பேசுவது குறைந்திருந்தது. நண்பர்கள் கேட்கும்போது அப்பாவின் ஊர் எது என்று சொல்லத் தெரியாமல் ‘ஸ்ரீலங்கா’ என்று மட்டும் சொல்லிவிடுவாள். மலை, தோட்டம், லயம் ஒன்றும் அவள் வாயில் வராது. அன்றைக்குத் தாளைக் கீழே வைத்துவிட்டு, “அப்பிடியெண்டா நான் ஆற்ற மகள்?” என்று கேட்டாள். யாருடைய மகள் என்பதைக் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மின்னஞ்சலைத் தட்டிக் கொடுத்தது தன் கைதான் என்று அவள் அம்மாவிடம் சொல்லி அழுதது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

அந்த ஞாயிறு, பெப்ரவரி 8, சாந்தியிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னேன். சம்மதிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவளுக்கு வீடு வேண்டும், பிள்ளைக்குத் தகப்பன் பெயர் வேண்டும். எல்லாம் கிடைக்கும் என்றேன்.

பின்னால் முகாமில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“வேணாம் மாமா. உசுரோட இருந்த மட்டும் ஒங்க பேர்ல நின்னாரு. பெரட்டுல நின்னாரு, ஓட்டுப் போட நின்னாரு, என் கழுத்துல கட்டும்போதும் ஒங்க பேர்லதான் கையெழுத்துப் போட்டாரு. சாவையாவது அவரு பேர்ல வைங்க.”

கடிதத்தைக் கிழித்தேன்.

9

ஆகவே இந்தக் குறிப்புகள். இதே இதழில் இதற்கு முன் துருவ ஒளி பற்றி மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். வாசகர்கள் சிலர், படங்கள் அழகு என்று கடிதம் போட்டிருந்தார்கள். இந்தத் தடவை படம் இல்லை. இந்தத் தடவை நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

அலுவலகத்துப் பெண் கடைசியில் ஒரு வழி சொன்னாள். உறவினர் அல்லாதவர்கள், மருதமுத்து என்ற பெயரில் அவனை 1999க்கு முன்பு அறிந்தவர்கள், மூன்று பேர் எழுதிக் கொடுத்தால் மேலிடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். உறுதி சொல்லவில்லை, பார்க்கலாம் என்றாள். மூன்று பேர். கங்காணி இறந்துவிட்டார். கிளாக்கரையா இறந்துவிட்டார். பாடசாலையின் பழைய பெயர் இடாப்பைக் கறையான் தின்றுவிட்டது. அவனோடு படித்தவர்கள் கொழும்புக்கும் வவுனியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். லயத்தில் மிஞ்சியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு முறையில் எங்களுக்குச் சொந்தம். உங்களில் ஒருவர் அவனை அறிந்திருக்கலாம்.

அடையாளங்கள்: மாநிறம், நடுத்தர உயரம். இடது புருவத்தில் பிளவு. தோட்டத்துப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தான். கணக்கு நன்றாகப் போடுவான், எழுத்து மோசம். 1995இலும் 1996இலும் மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டினான். இரண்டாம் வருடம் பக்கத்துத் தோட்டங்களிலும் ஆடக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார்கள், நான் கீழே நின்று கேட்டேன். மேளம் அடித்தவர்கள், சேலை கொடுத்தவர்கள், வெறுமனே நின்று பார்த்தவர்கள், யாராவது இருப்பீர்கள். 1997இல் சில மாதம் கினிகத்தேனையில் ஒரு மரக்காலையில் பலகை சுமந்தான். அங்கே அடையாள அட்டை கேட்கவில்லை, அதனால் சொந்தப் பெயரில்தான் வேலை செய்தான். அவனோடு பலகை தூக்கியவர்கள் இருப்பீர்கள்.

அவனை மருதமுத்து என்று கூப்பிட்டிருக்கிறேன், அவன் திரும்பிப் பார்த்திருக்கிறான் என்று ஒரு வரி எழுதி இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். தேதி நினைவில்லாவிட்டால் பரவாயில்லை.